தி.நகருக்குப் பெயர் தந்த தியாகராயர் யார்? அவர் பெயரில் உள்ள ஊரின் நெரிசலை எப்படி அளக்கிறார்கள்?

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை தி.நகர் போயிருக்கீங்களா? மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கினால் ரங்கநாதன் தெருவில் கூட்டமே நம்மைத் தள்ளிக்கொண்டு போய்விடும். பைக்கில் போனவர்கள் பாடு இன்னும் மோசம். வண்டியை எங்கே விடுவது என்று தேடியே பாதி நாள் போய்விடும்.

தி.நகரில் இருக்கும் அந்த 'தி' யார்? சிலர் திருவையாறு தியாகராஜர் என்பார்கள், சிலர் பாகவதர் என்பார்கள். இரண்டும் இல்லை. அவர் சர் பிட்டி தியாகராயர். சென்னை மாநகராட்சியில் சுமார் 40 ஆண்டுகள் இருந்தவர்.

வடசென்னைக்காரர்

தென்சென்னையின் பெரிய கடைவீதிக்குப் பெயர் தந்தவர் உண்மையில் வடசென்னைக்காரர். 1852 ஏப்ரல் 27-ல் தெலுங்கு பேசும் நெசவாளர் சமூகத்தில் பிறந்தார். மாநிலக் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கினார். சொந்தமாகத் தறிகள் வைத்து நெசவுத் தொழில் நடத்தினார். எப்போதும் வெள்ளை உடைதான். அதனால் வெள்ளுடை வேந்தர் என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. பழைய வண்ணாரப்பேட்டையில் இன்றும் அவர் பெயரில் கல்லூரி இருக்கிறது.

1882-ல் மாநகராட்சிக்குள் போனார். அங்கே அவருக்கும் டாக்டர் டி.எம்.நாயருக்கும் ஆகவே ஆகாது. இருவரையும் ஒன்றாக உட்கார வைத்தவர் டாக்டர் சி.நடேசனார். 1916 நவம்பரில் மூவரும் சேர்ந்து தொடங்கிய தென்னிந்திய நலவுரிமைச் சங்கம்தான், பிறகு நீதிக்கட்சி என்று அழைக்கப்பட்டது.

1920 தேர்தலில் கட்சி ஜெயித்தது. கவர்னர் வெல்லிங்டன் பிரபு ஆட்சி அமைக்க தியாகராயரைத்தான் கூப்பிட்டார். அவர் வேண்டாம் என்றுவிட்டார். சுப்பராயலு ரெட்டியார் முதல் அமைச்சர் ஆனார். தியாகராயர் மாநகராட்சித் தலைவராகவே தொடர்ந்தார். அதிகாரியாக இல்லாமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் அவர்தான்.

எண்ணிப் பார்த்த திட்டம்

அவர் காலத்தில் நடந்த ஒரு வேலையை இங்கே சொல்லியே ஆகணும். 1920-ல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்க மாநகராட்சி தீர்மானம் போட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது நிபந்தனை. பிறகு இன்னும் நான்கு பள்ளிகள் சேர்ந்தன.

பலன் இருந்ததா? 1922-23-ல் அந்த 5 பள்ளிகளிலும் சேர்த்து 811 பிள்ளைகள். 1924-25-ல் 1,671 பிள்ளைகள். எத்தனை மூட்டை அரிசி வாங்கினோம் என்பதை மட்டும் வைத்து இந்தத் திட்டத்தை எடை போட்டிருந்தால் வெறும் செலவாகத்தான் தெரிந்திருக்கும். பள்ளிக்கு வந்த பிள்ளைகளை எண்ணியதால்தான் பலன் தெரிந்தது. (அப்படியும் 1925-ல் அரசு அந்தச் செலவை ஏற்காததால் திட்டம் நின்றுபோனது வேறு கதை.)

எதை எண்ணுகிறோம் என்ற அதே சிக்கல்தான் இன்று தி.நகரில் இருக்கிறது.

ஏரி ஊர் ஆனது

இன்றைய தி.நகர் அன்று ஏரி. நுங்கம்பாக்கத்தில் இருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்ததால் ஆங்கிலத்தில் 'லாங் டேங்க்' என்றார்கள். 1920-ல் சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது. அதன்பின் மாம்பலம் பக்கம் புதுக் குடியிருப்பு எழுந்தது. நடுவில் பனகல் பூங்கா, அதில் இருந்து விரியும் சாலைகள். நாயர் ரோடு, உஸ்மான் ரோடு என்று நீதிக்கட்சிக்காரர்கள் பெயர்கள். ஊருக்கே தியாகராயர் பெயர். ஆனால் ஊர் வளர்வதை அவர் பார்க்கவில்லை. 1925-லேயே காலமாகிவிட்டார்.

மழை வந்தால் அந்த ஏரி தன்னை ஞாபகப்படுத்தும். 2021 நவம்பரில் ஜி.என்.செட்டி சாலையில் தேங்கிய தண்ணீரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அன்று பணக்காரர்களில் சிலரிடம்தான் கார். வீடுகளுக்காகப் போட்ட சாலையில் பல மாடி ஜவுளிக்கடையும் நகைக்கடையும் வரும் என்று யார் கணக்குப் போட்டிருப்பார்கள்?

இப்போது எப்படி அளக்கிறார்கள்?

ஒரு புதுக் கட்டடம் வந்தால் எத்தனை வண்டி கூடுதலாக வரும் என்று முதலில் மதிப்பிடுவார்கள். வண்டிகள் எல்லாம் ஒரே அளவு இல்லை. அதனால் எல்லாவற்றையும் காராக மாற்றிக் கணக்கிடுவார்கள். இந்திய சாலை காங்கிரஸ் 1990-ல் தந்த நகர்ப்புறக் கணக்குப்படி கார் 1 என்றால், பைக் 0.5 முதல் 0.75 வரை, பஸ் 2.2 முதல் 3.7 வரை. மொத்தத்தையும் சாலையின் கொள்ளளவோடு ஒப்பிட்டு, நெரிசல் எவ்வளவு என்று தரம் போடுவார்கள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கு. 50, 60 பேரை ஏற்றி வரும் மாநகரப் பேருந்து இந்தக் கணக்கில் இரண்டு மூன்று கார்கள் அளவுக்கு இடைஞ்சல். அதில் எத்தனை பேர் வந்தார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை.

சுற்றுச்சூழல் அனுமதி எப்போது? மத்திய அரசின் 2006 அறிவிக்கைப்படி 20,000 சதுர மீட்டர், அதாவது சுமார் 2.15 லட்சம் சதுர அடி கட்டடப் பரப்பு இருந்தால்தான். அந்த விண்ணப்பத்தில் பார்க்கிங் போதுமா, வாசலில் வண்டிகள் எப்படி நுழையும், சத்தமும் அதிர்வும் கூடுமா என்று கேட்பார்கள். ஒரே தெருவில் 15,000 சதுர மீட்டரில் பத்துக் கட்டடம் வந்தால்? தனித்தனியாக எதற்கும் இந்த அனுமதி வேண்டாம். சேர்த்துப் பார்த்தால் 1,50,000 சதுர மீட்டர்.

விதிமீறிக் கட்டிய மாடிகள் கதை இன்னும் மோசம். 1998-ல் நகரமைப்புச் சட்டத்தில் 113-ஏ பிரிவைச் சேர்த்து, கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்த வழி செய்தார்கள். கட்டணம் கஜானாவுக்குப் போனது. அந்த மாடிகள் இழுத்து வந்த வண்டிகள் தெருவிலேயே நின்றன.

மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் தி.நகரிலும் அடையாறிலும் காற்றை அளக்கிறதே என்று கேட்கலாம். காற்று கெட்டிருக்கிறதா என்று அது சொல்லும். எந்தக் கட்டடத்தால் கெட்டது என்று அதால் சொல்ல முடியாது.

கலிஃபோர்னியா மாற்றிய கணக்கு

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 2013-ல் ஒரு சட்டம் போட்டது. 2020 ஜூலை முதல் மாநிலம் முழுக்க அமல். அதன்படி, சிக்னலில் கார் எத்தனை விநாடி காத்திருக்கிறது என்பது சுற்றுச்சூழல் பாதிப்பு ஆகாது. புதுக் கட்டடத்தால் வண்டிகள் மொத்தம் எவ்வளவு தூரம் கூடுதலாக ஓடுகின்றன என்பதுதான் கணக்கு.

இதை நம்ம ஊருக்குப் பொருத்திப் பார்ப்போம். வரும் எண்கள் கணக்குக்காக மட்டும். மாம்பலம் ஸ்டேஷன் அருகே ஒரு கடை. தினம் 1,000 பேர் வருகிறார்கள். 700 பேர் ரயில், பஸ், நடை. 300 பேர் ஆளுக்கொரு வண்டியில், போக வர 10 கிலோமீட்டர். மொத்தம் 3,000 கிலோமீட்டர். ஓ.எம்.ஆர் தாண்டி ஒரு மால். அங்கேயும் 1,000 பேர். 800 பேர் சொந்த வண்டியில், போக வர 25 கிலோமீட்டர். மொத்தம் 20,000 கிலோமீட்டர்.

நெரிசல் கணக்கில் தி.நகர் கடை ஃபெயில், அகலச் சாலையில் இருக்கும் மால் பாஸ். கிலோமீட்டர் கணக்கில் அப்படியே தலைகீழ்!

அதுக்காக நெரிசல் பிரச்சினையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஊர்ந்து போகும் வண்டி கிலோமீட்டருக்கு அதிகமாகப் புகை விடும். உஸ்மான் சாலையில் குடியிருப்பவர் மூச்சில் போவது அந்தப் புகைதான். ஆனால் நெரிசலை மட்டும் அளந்தால் பதிலும் மேம்பாலம், பார்க்கிங், சாலை அகலப்படுத்தல் என்றுதான் வரும். பார்க்கிங் கூடினால் காரில் வருபவரும் கூடுவார் என்பதைக் கடைக்காரரே சொல்வார்.

தியாகராயர் பெயரில் இருக்கும் சாலையைத்தான் நாம் பாண்டி பஜார் என்கிறோம். அங்கே 2019 நவம்பரில் நடைபாதையை அகலமாக்கி நடப்பவர்களுக்கு இடம் கொடுத்தார்கள். இப்போது பனகல் பூங்காவில் மெட்ரோ நிலைய வேலை நடக்கிறது. ரயில் ஓட ஆரம்பித்ததும் எத்தனை பேர் வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்றால், இப்போது எத்தனை பேர் எதில் வருகிறார்கள் என்ற எண்ணிக்கை கையில் இருக்கணும். அதை நிலையம் திறப்பதற்கு முன்பே எடுத்தால்தான் உண்டு.