சோபோக்ளீசின் பாடற்குழு

ஏதென்சு நகரை அடுத்த கொலோனஸ் என்னும் சிற்றூரில், கி.மு. 496-ஆம் ஆண்டளவில் பிறந்தவர் சோபோக்ளீஸ். சலாமிஸ் கடற்போர் (கி.மு. 480) வெற்றி விழாவில், யாழேந்தி இளைஞர் பாடற்குழுவை அவரே நடத்தினார் என்று பழைய வரலாறு கூறும். கி.மு. 468-இல் நாடகப் போட்டியில் எஸ்கிலசையே வென்றார். சாமோஸ் போரில் படைத்தலைவராகவும் இருந்தார். ஆயினும் அவர் பெருமை அங்கில்லை.

பாடற்குழுவினரை 12-இலிருந்து 15-ஆக உயர்த்தியவர் அவர் என்பதும், பாடற்குழு குறித்து உரைநடை நூலொன்று யாத்தார் என்பதும் மரபு. அந்நூல் அழிந்தது. எழுதிய நூற்றிருபதுக்கும் மேற்பட்ட நாடகங்களுள் முழுமையாக எஞ்சியவை ஏழே. அவற்றிலிருந்தே அவர் கலையை உணர வேண்டியுள்ளது.

குழுவினர் அரங்கினுள் புகும்போது பாடுவது பரொடோஸ். காட்சிகளுக்கிடையே பாடுவது ஸ்டாசிமோன். இப்பாடல்கள் பெரும்பாலும் இணை இணையாக அமையும். முற்பகுதி ஸ்ட்ரோபே, 'திரும்புகை' என்பது அதன் பொருள். அதற்கு எதிர்நிற்பது அந்திஸ்ட்ரோபே. முன்னதில் குற்றசையும் நெட்டசையும் நின்ற முறையிலேயே, சிற்சில விலக்குகள் நீங்கலாகப் பின்னதிலும் நிற்றல் வேண்டும். அடுத்த இணைக்கு யாப்பு வேறு. சிலவிடத்து எபோடே என்னும் இணையில்லாப் பகுதி இறுதியில் வரும். 'எலெக்ட்ரா'வின் முதல் ஸ்டாசிமோன் அத்தகையது.

இக்கட்டுப்பாடு அவருக்கு விலங்காகவில்லை; சிந்தனைக்கே கருவியாயிற்று. 'ஆன்டிகனி'யில் மாந்தனின் ஆற்றலை வியக்கும் பாடலைக் காண்க. அது ஈரிணை உடையது. இரண்டாம் ஸ்ட்ரோபேயில், எதற்கும் வழி காணும் மாந்தனைப் பற்றிய முரண்சொல் ஓரிடத்தில் நிற்கிறது. அந்திஸ்ட்ரோபேயில், யாப்பளவில் அதே இடத்தில், நகரில் உயர்தலையும் நகரை இழத்தலையும் பற்றிய முரண்சொல் நிற்கிறது. புகழ்ச்சி கேட்ட சந்தத்திலேயே செவி எச்சரிக்கையைக் கேட்கிறது. கவிஞர் பன்முறை எண்ணத்தக்க இடம் இது.

முதுமையில் அறிவு தளர்ந்ததென மக்களே வழக்கிட்டபோது, 'கொலோனசில் ஈடிபஸ்' நாடகத்தின் பாடலொன்றைப் படித்துக்காட்டி அவர் விடுபட்டார் என்கிறார் புளூட்டார்க். நிகழ்ச்சி மெய்யோ புனைவோ, பாடலின் தேர்வு பொருத்தமானதே. கி.மு. 413 முதல் ஸ்பார்ட்டியப் படை டெசெலியாவில் தங்கி, சுற்றுப்புற நிலங்களைச் சூறையாடி வந்தது. அக்காலத்தில் தம் சிற்றூரின் குயிலோசை சோலையை முதலிணையில் பாடினார். அடுத்த ஸ்ட்ரோபேயில் பகைவரால் அழிக்கவியலா ஒலிவ மரத்தையும், அதன் எதிரில் குதிரையையும் துடுப்பையும் வைத்தார்.

கி.மு. 406-இல் யூரிப்பிடீஸ் இறந்த செய்தி எட்டியபோது, தம் பாடற்குழுவை மாலையின்றி மக்கள்முன் நிறுத்தினார் என்பர். சில மாதங்களில் தாமும் மறைந்தார். கி.மு. 401-இல் அவர் பெயரே கொண்ட பேரன் 'கொலோனசில் ஈடிபஸ்' நாடகத்தை அரங்கேற்றினார். துடுப்பைப் புகழ்ந்த அப்பாடலைக் கேட்ட ஏதென்சு மக்கள், தம் கப்பற்படையைப் பகைவரிடம் ஒப்படைத்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன.