தூரத்தை அளந்த மகலனோபிஸ்

சென்ற பருவத்தில் ஒப்படைப்புக்காக, நோயைக் கண்டறியும் கணினி நிரல் ஒன்றை உருவாக்கினேன். பயிற்சிக்குக் கொடுக்கப்பட்ட தரவில் 1,000 பேர். நோயாளிகள் 20 பேர் மட்டுமே. நிரல் 98 விழுக்காடு சரியாகக் கணித்ததும் துள்ளிக் குதித்தேன். தேக்கா உணவங்காடியில் தேநீர் குடித்தபடி, எத்தனை நோயாளிகளைக் கண்டுபிடித்தது என்று நண்பர் கேட்டார். ஒருவரைக்கூட இல்லை. எல்லாருக்கும் நோயில்லை என்றே அது சொல்லியிருந்தது.

குறைவாக உள்ள தரவைப் பெருக்க, 2002ல் வெளிவந்த 'ஸ்மோட்' முறை உதவும். ஒரு நோயாளியையும் அவரைப் போன்ற இன்னொருவரையும் எடுத்து, இடையில் புதிய பதிவை உருவாக்கும். 20 வயதுக்கும் 30 வயதுக்கும் இடையே 25 உண்டு. லிட்டில் இந்தியாவுக்கும் ஜூரோங்குக்கும் இடையே எந்த வட்டாரத்தை எழுதுவது? எண்களும் வகைகளும் கலந்த தரவுக்கான ஸ்மோட், நெருங்கிய பதிவுகளில் அதிகம் உள்ள வகையை எடுத்துக்கொள்கிறது. நெருக்கத்தை எப்படி அளப்பது? அந்தத் தேடலில்தான் பிரசாந்த சந்திர மகலனோபிஸைச் சந்தித்தேன்.

1893ல் கல்கத்தாவில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் இயற்பியல் படித்தபோது கண்ணில் பட்ட ஒரு புள்ளியியல் ஆய்விதழ் அவர் பாதையை மாற்றியது. நாடு திரும்பி இயற்பியல் கற்பித்துக்கொண்டே, மக்களின் உடல் அளவுகளை ஆராய்ந்தார். உயரம் கூடினால் கையின் நீளமும் பெரும்பாலும் கூடும். அந்தத் தொடர்பையும் கணக்கில் கொள்ளும் தூர அளவை 1936ல் வெளியிட்டார். எண்களுக்கான அந்த அளவை இன்றும் அவர் பெயரால் அழைக்கிறோம்.

1931ல் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவினார். வங்காளத்தில் சணல் பரப்பை மதிப்பிட்டபோது, ஒரே வட்டாரத்தில் இரு மாதிரிகளை எடுத்துத் தனித்தனிக் குழுக்களை அனுப்பினார். முடிவுகள் வேறுபட்டால் பிழை வெளிப்படும். 1950ல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்புக்கும் அவரே வழிகாட்டி. 1972ல் மறைந்தார். அவர் பிறந்த ஜூன் 29ஐ இந்தியா புள்ளியியல் தினமாகக் கொண்டாடுகிறது.

அவருடைய சணல் கணக்கெடுப்பைப் படித்த பிறகு என் வேலையை மீண்டும் பார்த்தேன். தரவைப் பெருக்கிய பிறகே சோதனைப் பகுதியைப் பிரித்திருந்தேன்! பயிற்சியில் பார்த்த நோயாளிகளின் சாயல்களே சோதனையிலும் வந்திருந்தன. இம்முறை ஐந்து உண்மையான நோயாளிகளை முதலிலேயே ஒதுக்கிவிட்டு, மீதியை மட்டும் பெருக்கினேன். நிரல் மூவரைக் கண்டுபிடித்தது. அந்த மூன்றைத்தான் அறிக்கையின் முதல் வரியில் எழுதினேன்.