இறால் குஞ்சின் பசி அறிந்தவர்

விஞ்ஞானி என்றாலே எடிசன், சர் சி.வி. ராமன் தான் ஞாபகம் வரும். நான் சொல்லப் போவது ஜப்பான் விஞ்ஞானி மோட்டோசாக்கு ஃபூஜினாகா பற்றி. 1903-ல் பிறந்தவர். இறால் வளர்ப்பின் தந்தை என்று இவரைச் சொல்கிறார்கள்.

1934-ல் 'குருமா' என்ற இறாலைத் தொட்டியில் முட்டையிட்டுப் பொரிக்க வைத்தார். (நம்ம வீட்டுக் குருமா இல்லை, அது வரி போட்ட கடல் இறால்!) ஒரு தாய் இறால் லட்சக்கணக்கில் முட்டை போடும். பொரிந்த குஞ்சு முதலில் தன் உடம்பிலுள்ள மஞ்சள் கருவை வைத்தே சமாளிக்கும். அது தீர்ந்ததும் பசிக்கும். ஆனால் அந்தக் குட்டி வாய்க்குள் போகிற தீனி எது? அது கிடைக்காமல் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாகச் செத்துப் போச்சு.

இவர் விடவில்லை. மைக்ராஸ்கோப்பில் மட்டுமே தெரிகிற 'ஸ்கெலிட்டோனிமா' என்ற கடல் பாசியைத் தனியாக வளர்த்து, உயிரோடு தீனியாகக் கொடுத்தார். குஞ்சுகள் பிழைத்தன! 1942-ல் முட்டை முதல் பெரிய இறால் வரை எல்லா வளர்ச்சியையும் கட்டுரையாக வெளியிட்டார்.

பிறகு அரசு மீன்வளத் துறையில் வேலை பார்த்தார். ஓய்வு பெற்றும் சும்மா இருக்கவில்லை. 1960-களில் கைவிட்ட உப்பளங்களில் இறால் பண்ணை நடத்தினார். 1973-ல் காலமானார்.

நம் தமிழ்நாட்டுக் கடற்கரையிலுள்ள இறால் குஞ்சுப் பொரிப்பகங்களிலும் இன்றைக்கும் முதல் தீனி உயிருள்ள பாசிதான். முட்டையை எண்ணிச் சந்தோஷப்படாமல், குஞ்சுக்கு என்ன பசி என்று பார்த்தார் பாருங்கள், அதனால்தான் எனக்கு இவரைப் பிடிக்கும்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி