மூன்றடியில் வேதாந்தம் தந்த வேமனர்

செகந்திராபாத் மெட்டுகுடாவிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ளது உசேன் சாகர் ஏரி. அதன் கரையில் 1986-இல் நிறுவப்பெற்ற பெருமக்களின் சிலைகளுள் ஒன்று யோகி வேமனருடையது. எழுத்தறியாத தெலுங்கு மக்களும் தம் பேச்சினூடே அவர் பாடல்களை எடுத்தாளுவர். இத்தகைய பேறு எல்லா ஞானிகளுக்கும் வாய்ப்பதில்லை.

வேமனர் 17-ஆம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்தவராகக் கருதப்படுகிறார். உழவர் குடியில் பிறந்த அவர் இளமையில் சிற்றின்பத்தில் மூழ்கிக் கிடந்தார் என்றும், அண்ணியின் அன்பே அவரை நல்வழிக்குத் திருப்பியது என்றும் மரபுவழிக் கதைகள் கூறுகின்றன. பின்னர் அவர் அனைத்தையும் துறந்து, ஊர் ஊராகச் சுற்றி, கண்ட உண்மையைப் பாடினார். கதிரிக்கு அருகேயுள்ள கடாருபள்ளியில் அவரது சமாதி உள்ளது.

அவர் பெரிதும் கையாண்டது ஆடவெலதி என்னும் எளிய யாப்பு. அதற்கு நான்கே அடிகள். இறுதியடி பெரும்பாலும் தம்மையே விளிக்கும் முத்திரையாக அமைவதால், சொல்ல வேண்டியது முழுவதும் மூன்று அடிகளுள் அடங்கியாக வேண்டும். எனவே அவர் விளக்கங்களை விடுத்து, கண்முன் உள்ள பொருள்களைக் காட்டினார். உப்பையும் கர்ப்பூரத்தையும் கொண்டு சான்றோரை இனங்காணக் கற்பித்தார். வெண்கலத்தின் ஓசையைக் கொண்டு அற்பரின் ஆரவாரத்தை உணர்த்தினார். மனத்தூய்மை இல்லாத ஆசாரமும் பூஜையும் பயன் தாரா என்பதைச் சமையற்கட்டுப் பாத்திரத்தைக் கொண்டே விளக்கினார். சாதிச் செருக்கையும் போலித் துறவையும் சாடினார்.

சீன ஞானி லாவோ ட்சுவின் நெறியும் இத்தகையதே. அவர் பெயரால் வழங்கும் நூல் ஏறத்தாழ 5,000 எழுத்துகளே கொண்டது. 81 சிறு பகுதிகளாக அமைந்தது. நீர், செதுக்காத மரம், வெற்றுப் பாத்திரம் ஆகியவையே அதில் பரம்பொருளைச் சுட்டும் விரல்கள்.

எளிமையை ஆழமின்மை என்று கருதுவோர் எக்காலத்தும் உண்டு. பண்டிதர் பலர் வேமனரை நெடுங்காலம் கவியாகவே மதிக்கவில்லை. ஆயினும் பாமரரின் நாவு அவரைக் காத்தது. கம்பெனி அதிகாரியான சார்லஸ் பிலிப் பிரவுன் சுவடிகளைத் தேடித் தொகுத்து, ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1829-இல் சென்னையில் அப்பாடல்களை அச்சிட்டார். அதன் பின்னரே கற்றோர் உலகம் மெல்ல அவர்பால் திரும்பியது.

கற்றதைக் கடினமாகச் சொல்வது எளிது. எளிதாகச் சொல்வதற்கோ அது வாழ்வில் கரைந்திருக்க வேண்டும். நாம் பயிலும் வேதாந்தத்தை நம் வீட்டுக் குழந்தைக்கும், நம் வீட்டில் பணிபுரிபவருக்கும் விளங்குமாறு கூற இயலுமா? இயலாதெனில், நமக்கே அது இன்னும் விளங்கவில்லை என்பதை உணர்ந்து சாதனையைத் தொடர்வோமாக!