தடை இருந்தும் ஓடினவர்

ஐசக் நியூட்டன் 1642-ல் இங்கிலாந்திலே, தகப்பன் மரித்த மூன்றாம் மாதத்தில் பிறந்தார். பிள்ளை பிழைக்காது என்றார்கள். தேவனோ 84 வயது கொடுத்தார். 1665-ல் கொள்ளைநோயால் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் மூடப்பட்டபோதும் வீட்டிலிருந்தே ஆராய்ந்தார். வேதத்தையும் ஊன்றிப் படித்தார். 1687-ல் இயக்க விதிகளை நூலாக வெளியிட்டார்.

அதை நம்ம ஊரிலேயே பார்க்கலாம். பழனியிலிருந்து திண்டுக்கல் போகிற பஸ் நேர் ரோட்டில் ஒரே வேகத்தில் ஓடுதே, அப்போ தள்ளுகிற விசைதானே ஜாஸ்தி? இல்லை! தள்ளுவதும் தடுப்பதும் சரிசமம். தள்ளுவது மிஞ்சினால் வேகம் கூடும். தடுப்பது மிஞ்சினால் குறையும்.

தேவபிள்ளையே, எதிர்ப்பு வந்ததால் ஓட்டம் நின்னுபோச்சுன்னு சோர்ந்துபோகாதே. ஜெபத்தை மட்டும் குறைச்சிடாதே. ஓடிக்கொண்டே இரு! ஆமென்.