ஜேம்ஸ் மாடிஸனின் தேர்தல் வாக்குறுதி

தேர்தற் காலத்திற் கொடுக்கப்படும் வாக்குறுதிகள் தேர்தல் முடிந்த மறுநாளே மறக்கப்படுதல் உலக வழக்கம். அதற்கு மாறாக, தாம் கொடுத்த வாக்கினை வற்புறுத்துவோர் அருகில்லாத இடத்திலும் நிறைவேற்றித் தம் நாட்டிற்கு அழியா நன்மை புரிந்தவர், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நான்காம் ஜனாதிபதியாக விளங்கிய ஜேம்ஸ் மாடிஸன். அவர் சரித்திரத்திற் பெருஞ்செயல்கள் பல உளவேனும், 1789-ம் ஆண்டில் வர்ஜீனியா மாகாணத்தில் அவர் காங்கிரஸ் சபைக்கு நின்ற தேர்தலே அவரது குணத்தை நன்கு புலப்படுத்துவதாகும்.

மாடிஸன் 1751-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 16-ந் தேதி வர்ஜீனியாவிற் செல்வம் மிக்க நிலக்கிழார் குடும்பத்திற் பிறந்து, ஆரஞ்சு ஜில்லாவில் வளர்ந்தார். குறுகிய உருவமும் மெல்லிய குரலும் உடையவர், அடிக்கடி நோய்வாய்ப்பட்டவர். பிரின்ஸ்டன் கல்லூரியில் ஜான் விதர்ஸ்பூன் என்னும் ஸ்காட்லாந்துப் போதகரிடம் பயின்று 1771-ல் பட்டம் பெற்றார். ஊர் திரும்பியபின், அரசாங்க அனுமதியின்றிப் பிரசங்கித்த குற்றத்திற்காகப் பாப்டிஸ்டுப் போதகர்கள் அண்டை ஜில்லாவிற் சிறையிடப்பட்டதை அறிந்து மனம் வெதும்பினார். 1776-ல் வர்ஜீனியா தன் உரிமைப் பிரகடனத்தை வகுத்தபோது, பிறர் மதத்தைச் சகித்துக்கொள்வது என்றிருந்த கருத்தை மாற்றி, மதவழிபாடு யாவர்க்கும் பிறப்புரிமை என்று அமையும்படி செய்தவர் இவரே.

மறு ஆண்டு மாகாணச் சட்டசபைக்கு நின்றபோது, வாக்காளர்க்கு மது வழங்கும் வழக்கத்தை அவர் பின்பற்ற மறுத்தார், அதனால் தோல்வியுற்றார். எனினும் அவரது அறிவை நாடு கைவிடவில்லை. 1787-ல் பிலடெல்பியாவிற் கூடிய மகாசபையில் புதிய அரசியல் அமைப்பை உருவாக்குவதில் முதன்மையாக உழைத்தார். 1788-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் வர்ஜீனியா அதனை 89-க்கு 79 என்ற சிறு வித்தியாசத்தில் ஏற்றுக்கொண்டது.

அவ்வமைப்பை வன்மையாக எதிர்த்தவர், நாவன்மையிற் புகழ்பெற்ற பாட்ரிக் ஹென்றி. அக்காலத்தில் செனேட் அங்கத்தினரை மாகாணச் சட்டசபைகளே தெரிந்தெடுத்தன. வர்ஜீனியாச் சட்டசபையில் ஹென்றியின் செல்வாக்கு மிகுந்திருந்தமையால் மாடிஸனுக்கு அப்பதவி கிட்டவில்லை. ஜனப் பிரதிநிதி சபைக்குத் தொகுதிகள் வகுத்தபோது, மாடிஸனுடைய ஆரஞ்சு ஜில்லாவை எதிர்க்கட்சி வலுத்த ஜில்லாக்களோடு சேர்த்து எட்டு ஜில்லாக்கள் கொண்ட ஒரே தொகுதி ஆக்கினர். அவர் வேறு தொகுதிக்குச் செல்லாவண்ணம், அபேட்சகர் தம் தொகுதியில் ஓராண்டு வசித்திருத்தல் வேண்டும் என்றும் விதித்தனர். அவருக்கு எதிராக நின்றவரோ அவருடைய ஆப்த நண்பரும், சுதந்தரப் போரிற் காயமுற்ற வீரருமான ஜேம்ஸ் மன்ரோ. இருவரும் கூட்டாக நிலம் வாங்கி வைத்திருந்த அத்தகைய நண்பர்கள்!

குடிகளின் உரிமைகளைக் காக்கும் விதிகள் புதிய அமைப்பில் இல்லை என்பதே மன்ரோ கட்சியாரின் பெருங்குறை. மாடிஸன் மதவுரிமையைக் கைவிட்டார் என்ற வதந்தியும் பரவிற்று. முன்னர் அவர் அத்தகைய விதிகள் அவசியமல்ல என்றே கருதியிருந்தார். ஏட்டில் எழுதிய விதி, பெரும்பான்மையோரின் ஆவேசத்தைத் தடுக்க வல்லதன்று என்பது அவர் எண்ணம். ஆயினும் பாரிஸிலிருந்து நண்பர் ஜெபர்ஸன் எழுதிய கடிதங்களும், தொகுதி மக்களின் அச்சமும் அவரைச் சிந்திக்கச் செய்தன. பாப்டிஸ்டுப் போதகராகிய ஜார்ஜ் ஈவ் என்பவர்க்கு 1789 ஜனவரி மாதம் அவர் எழுதிய கடிதத்தில், முதற் காங்கிரஸே உரிமை விதிகளை இயற்றுதல் வேண்டும் என்று தெளிவாக ஒப்புக்கொண்டார்.

கடுங்குளிரிலே அபேட்சகர் இருவரும் ஊர்தோறும் சென்று வாதித்தனர். ஒரு நாள் லூத்தரன் ஆலயத்தில் ஆராதனை முடிந்தபின், ஜெர்மானியக் குடிகள் வெண்பனியில் நின்றவாறே இருவர் வாதத்தையும் பொறுமையுடன் கேட்டனர். அன்றிரவு நெடுந்தூரம் குதிரையேறித் திரும்பிய மாடிஸனின் மூக்கு, குளிரால் புண்பட்டு வடுவாயிற்று. முதுமையில் அவ்வடுவைக் காட்டி அவர் நகைப்பதுண்டு. பிப்ரவரி 2-ந் தேதி தேர்தல் நடந்தது. நிலமுடைய வெள்ளைய ஆடவர்க்கே வாக்குரிமை. நீதிமன்ற வாயிலில், அனைவரும் கேட்க, வாய்விட்டுச் சொல்வதே வாக்கு. மாடிஸன் 1,308 வாக்குகளும் மன்ரோ 972 வாக்குகளும் பெற்றனர்.

நியூயார்க் நகரிற் கூடிய சபையில் அவர் கட்சியாரே பெரும்பான்மையோர். வரி விதித்தலும் இலாக்காக்களை அமைத்தலுமே அவசரம் என்று கருதிய அவர்கள், உரிமை விதிகளைப் பொருட்படுத்தவில்லை. அவர் மௌனமாயிருந்திருப்பின் அச்சபையில் அவரைக் குறைகூறுவார் சிலரே. ஆயினும் ஜூன் 8-ந் தேதி எழுந்து, தாம் தொகுத்த திருத்தங்களை முன்வைத்து, சலியாது வாதாடினார். செப்டம்பரிற் பன்னிரண்டு திருத்தங்கள் மாகாணங்களுக்கு அனுப்பப்பட்டன. அவற்றுட் பத்து, 1791 டிசம்பர் 15-ந் தேதி சட்டமாயின. அன்று இறுதியாக இசைந்து அதனை நிறைவு செய்த மாகாணம் வர்ஜீனியாவே! மதம், பேச்சு, பத்திரிகை ஆகியவற்றின் சுதந்தரம் இவ்வாறு நிலைபெற்றது. எஞ்சிய இரண்டில் ஒன்று, காங்கிரஸ் அங்கத்தினரின் சம்பளத்தைப் பற்றியது. அது இரு நூற்றாண்டுகள் உறங்கிக் கிடந்து, 1992-ல் சட்டமாயிற்று.

தேர்தல் நட்பை முறிக்கவில்லை. 1808-ல் மன்ரோ ஜனாதிபதி பதவிக்கும் இவரை எதிர்த்தார்; ஆயினும் 1811-ல் மாடிஸன் அவரையே தம் அந்நிய நாட்டு மந்திரியாக்கிக்கொண்டார். இவருக்குப்பின் மன்ரோ ஜனாதிபதியானார்.

குணமெனும் ஒளியோடு குற்றமெனும் நிழலையும் கூறுதல் சரித்திரகாரர் கடன். மாடிஸனின் பண்ணையில் நூற்றுக்கு மேற்பட்ட நீக்ரோ அடிமைகள் உழைத்தனர். அடிமைமுறை தீது என்று அறிந்திருந்தும், மரண சாசனத்திலும் அவர்களை அவர் விடுவிக்கவில்லை. அவர் எழுதிய உரிமைகள் அவர் வீட்டு வாயிலிலேயே நின்றுவிட்டன.

1836-ம் ஆண்டு ஜூன் 28-ந் தேதி, அரசியல் அமைப்பிற் கையொப்பமிட்டோருள் கடைசியாக எஞ்சியிருந்த மாடிஸன் காலமானார். தம்மை எதிர்த்தோர் கூறிய குறையிலும் உண்மை உண்டென்று கண்டு, தம் கொள்கையைத் திருத்திக்கொண்டவர் அவர். வென்ற பின்னரும் அத்திருத்தத்தினின்று பின்வாங்கவில்லை. 336 வாக்குகளால் பெற்ற அச்சிறு வெற்றி ஒரு தேசத்தின் உரிமைச் சாசனமாக வளர்ந்தமைக்கு அதுவே காரணம்.