லைசென்ஸ் இல்லாததால் ஜெயில்! முதுகெலும்பு வைத்தியர் பால்மரின் கதை

புதுச்சேரியில் இருந்து விழுப்புரம் செல்லும் சாலையில் இருக்கிறது, மதகடிப்பட்டு. சந்தைக்குப் பேர்போன ஊர்.

இந்தப் பக்கத்துக் கிராமங்களில் மூட்டை தூக்கியவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். நாற்று நடக் குனிந்தவருக்கு நிமிர முடியாமல் போகும். தூங்கி எழுந்தவரின் கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பி நின்றுவிடும். உடனே சுளுக்கு எடுப்பவரிடம் அழைத்துப் போவார்கள். அவர் எண்ணெய் தடவி நீவுவார். படக்கென்று ஒரு சத்தம் கேட்கும். வலி குறைந்தால், வெற்றிலை பாக்கோடு காசும் கொடுத்துவிட்டு வீடு திரும்புவார்கள்.

அவர் எங்கே படித்தார், வைத்தியம் செய்ய அவருக்கு யார் அனுமதி கொடுத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

இந்தக் கேள்வியை அமெரிக்காவில் ஒரு கோர்ட்டு கேட்டது. லைசென்ஸ் காட்ட முடியாத ஒருவர் தமது 61-வது வயதில் ஜெயிலுக்குப் போனார். அவர் பெயர், டேனியல் டேவிட் பால்மர். முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரி செய்வதாகச் சொல்லும் கைரோபிராக்டிக் வைத்தியத்தை உண்டாக்கியவர் அவர்தான்.

தேனீ வளர்த்தார், மளிகை விற்றார்

பால்மர் 1845-ம் ஆண்டு மார்ச் 7-ந் தேதி கனடா நாட்டில், டொராண்டோ நகருக்குக் கிழக்கே உள்ள ஒரு சிற்றூரில் பிறந்தார். தகப்பனாரின் தொழில் நொடித்துப் போயிற்று. பெற்றோர் பிழைப்பைத் தேடி அமெரிக்காவுக்குப் போனார்கள்.

1865-ல் பால்மரும் அவருடைய தம்பி தாமஸும் அவர்களைத் தொடர்ந்து புறப்பட்டார்கள். கையில் பணம் அதிகம் இல்லை. பெரும்பாலும் நடந்தே போனார்கள். அமெரிக்காவில் அப்போதுதான் உள்நாட்டுப் போர் முடிந்திருந்தது.

பால்மர் முதலில் பள்ளிக்கூட வாத்தியாராக வேலை பார்த்தார். பிறகு மிசிசிப்பி ஆற்றங்கரையில் நிலம் வாங்கினார். அங்கே பழத்தோட்டம் போட்டார். தேனீ வளர்த்தார். பத்து ஆண்டுகள் அந்தத் தொழிலில் ஓடின. அடுத்து அயோவா மாகாணத்தில் மளிகைக்கடை வைத்தார். 1882-ல் அவருக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பார்ட்லெட் ஜோஷுவா என்று பெயர் வைத்தார்கள். எல்லோரும் அந்தப் பையனைச் சுருக்கமாக பி.ஜே. என்று அழைத்தார்கள்.

குழந்தைக்கு இரண்டு வயது ஆனபோது தாய் இறந்துவிட்டாள். தாயில்லாப் பிள்ளைகளோடு பால்மர் புதிய பிழைப்பைத் தேடினார். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு அவர் கையில் எடுத்த தொழில்தான் வைத்தியம்.

கை வைத்தால் குணம்?

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் காந்த வைத்தியம் என்று ஒன்று இருந்தது. வைத்தியரின் உடம்பில் ஒரு சக்தி இருப்பதாகவும், அவர் நோயாளியின் மீது கை வைத்தால் அந்தச் சக்தி பாய்ந்து நோய் தீரும் என்றும் மக்கள் நம்பினார்கள். நம் ஊரில் மந்திரித்து விடுவது போலத்தான்.

பால்மர் இதைக் கற்றுக்கொண்டார். 1887-ல் அயோவா மாகாணத்தில் உள்ள டேவன்போர்ட் நகரில் வைத்தியசாலை திறந்தார்.

அப்போது டாக்டர்களிடம் இருந்த மருந்துகளும் பல சமயம் ஆபத்தானவையாக இருந்தன. பாதரசம் கலந்த மருந்தைக் கொடுத்தார்கள். அபினைக் கொடுத்தார்கள். மருந்தே இல்லாமல் குணப்படுத்துகிறேன் என்று ஒருவர் சொன்னால் மக்கள் அவரிடம் ஓடியதில் ஆச்சரியம் இல்லை. பால்மருக்கு நல்ல வருமானம் வந்தது.

ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. ஒரே விதமாக வாழும் இருவரில் ஒருவருக்கு நோய் வருகிறது, மற்றவருக்கு வரவில்லை. இது ஏன் என்ற கேள்வி அவரைக் குடைந்துகொண்டே இருந்தது.

1895 செப்டம்பர் 18

பால்மரின் வைத்தியசாலை இருந்த கட்டிடத்தைத் துப்புரவு செய்து வந்தவர், ஹார்வி லில்லார்டு. அவர் கறுப்பு இனத்தவர். 17 ஆண்டுகளாக அவருக்குக் காது சரியாகக் கேட்கவில்லை. ஒரு நாள் குனிந்து வேலை செய்தபோது முதுகில் ஏதோ பிசகியது போல இருந்ததாகவும், அதிலிருந்துதான் காது மந்தமாகிவிட்டதாகவும் அவர் கூறினார்.

பால்மர் அவர் முதுகைத் தடவிப் பார்த்தார். ஓர் எலும்பு புடைத்துக்கொண்டிருந்தது. அதைக் கையால் ஓங்கி அழுத்தினார். அதன் பிறகு லில்லார்டுக்குத் தெருவில் ஓடும் வண்டிகளின் சத்தம் கேட்டது. இது பால்மர் எழுதி வைத்த கதை. லில்லார்டின் மகள் பிற்காலத்தில் இதையே வேறு விதமாகக் கூறினார். யாரோ சொன்ன வேடிக்கைக்குச் சிரித்துக்கொண்டே பால்மர் முதுகில் தட்டினார் என்றும், பிறகு காது கொஞ்சம் தெளிந்தது என்றும் அவர் சொன்னார்.

இன்றைய மருத்துவம் பால்மரின் விளக்கத்தை ஏற்கவில்லை. காதுக்கு உரிய நரம்பு மண்டை ஓட்டுக்கு உள்ளேயே மூளையைச் சேர்ந்துவிடுகிறது. அது முதுகெலும்பு வழியாகப் போவதில்லை.

ஆனால் பால்மர் தம் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதாக நம்பினார். முதுகெலும்பு இடம் பிசகினால் நரம்பு பாதிக்கப்படுகிறது, நூற்றுக்கு 95 நோய்களுக்கு அதுவே காரணம் என்றார். சாமுவேல் வீடு என்ற பாதிரியார் அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவர். கிரேக்க மொழியில் வல்லவர். கை, செயல் என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து, கைரோபிராக்டிக் என்ற பெயரை 1896-ல் அவரே சூட்டினார்.

பள்ளிக்கூடம் திறந்தார்

முதலில் பால்மர் தம் வித்தையை ரகசியமாக வைத்துக்கொள்ள நினைத்தார். தாம் இறந்தால் வித்தையும் அழிந்துவிடுமே என்ற எண்ணம் பிறகு வந்தது. 1897-ல் டேவன்போர்ட்டில் பள்ளிக்கூடம் தொடங்கினார். கட்டணம் 500 டாலர். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. படிப்புக் காலமோ மிகவும் குறைவு.

முதலில் சேர்ந்தவர்கள் ஒரு சிலரே. அவர்களில் டாக்டர் பட்டம் பெற்றவர்களும் இருந்தார்கள். 1902-ல் மகன் பி.ஜே.யும் படித்துத் தேறினார்.

படித்து முடித்தவர்கள் ஊர் ஊராகப் போய் பலகை மாட்டினார்கள். அங்கேதான் தகராறு ஆரம்பித்தது. சர்க்கார் லைசென்ஸ் பெற்றவர்தான் வைத்தியம் செய்யலாம் என்று சட்டம் இருந்தது. பால்மரின் பள்ளிக்கூடம் கொடுத்த காகிதம் சட்டத்தின் முன் செல்லவில்லை. டாக்டர்கள் புகார் கொடுத்தார்கள். போலீசார் வழக்குப் போட்டார்கள்.

ஜெயிலில் 23 நாள்

குருவும் தப்பவில்லை. லைசென்ஸ் இல்லாமல் வைத்தியம் செய்ததாகப் பால்மர் மீது வழக்கு வந்தது. 1906-ம் ஆண்டு மார்ச் மாதத்தில், அவர் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. 350 டாலர் அபராதம், கட்டாவிட்டால் 105 நாள் ஜெயில் என்று தண்டனை விதித்தார்கள்.

அபராதம் கட்டும் வசதி பால்மருக்கு இருந்தது. ஆனால் அவர் கட்டவில்லை. மருந்து கொடுக்காத தமக்கு மருந்து கொடுப்பவர்களின் சட்டம் பொருந்தாது என்பது அவர் கட்சி. பணம் கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று கருதி, ஜெயிலுக்குப் போனார்.

பிடிவாதம் 23 நாள் நீடித்தது. பிறகு அபராதத்தைச் செலுத்திவிட்டு வெளியே வந்தார்.

வெளியே அவருக்காகக் காத்திருந்தது இன்னொரு அடி. பள்ளிக்கூடத்தை இப்போது மகனும் மருமகள் மேபலும் நடத்தினார்கள். தகப்பனுக்கும் மகனுக்கும் ஒத்துப்போகவில்லை. யாருக்கு எவ்வளவு பங்கு என்று சண்டை வந்தது. கடைசியில் மத்தியஸ்தர்கள் கணக்குப் பார்த்து, சுமார் 2,200 டாலரைப் பால்மருக்குக் கொடுக்கச் செய்தார்கள். தாம் தொடங்கிய பள்ளிக்கூடத்தை விட்டு அவர் வெளியேறினார்.

தம்பி தாமஸ் இருந்த ஓக்லஹோமாவுக்குப் போய் மறுபடியும் மளிகைக்கடை வைத்தார். மனம் அதில் நிலைக்கவில்லை. வேறு இடங்களில் புதிய பள்ளிக்கூடங்களைத் தொடங்கினார். எதுவும் டேவன்போர்ட்டைப் போல வளரவில்லை. 1910-ல் ஏறத்தாழ 1,000 பக்கங்களில் ஒரு பெரிய புத்தகத்தை வெளியிட்டார். அதில் தம்மை மறந்தவர்களை எல்லாம் காய்ச்சி எடுத்திருந்தார். மகனையும் விடவில்லை.

ஜப்பானியரின் வழக்கு

இதற்கிடையே 1907-ல் விஸ்கான்சின் மாகாணத்தில் ஒரு வழக்கு நடந்தது. ஷெகடாரோ மொரிகுபோ என்பவர் ஜப்பானில் பிறந்தவர். பால்மரின் பள்ளியில் படித்தவர். லைசென்ஸ் இல்லாமல் தொழில் செய்ததாக அவர் மீது குற்றச்சாட்டு.

அவருக்காக வாதாடிய வக்கீல் டாம் மாரிஸ், கைரோபிராக்டிக் என்பது தனித் தொழில் என்று எடுத்துக் காட்டினார். மொரிகுபோ விடுதலையானார். அந்தத் தொழில் செய்தவர்களுக்குத் தெம்பு பிறந்தது. ஆயினும் ஒவ்வொரு முறையும் கோர்ட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க முடியுமா? தங்களுக்கென்று தனி லைசென்ஸ் சட்டம் வேண்டும் என்று பலர் கேட்கத் தொடங்கினார்கள்.

1913-ல் கன்சாஸ் மாகாணம் அப்படி ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் இதுவே முதல் கைரோபிராக்டிக் லைசென்ஸ் சட்டம்.

அதே 1913-ம் ஆண்டு அக்டோபர் 20-ந் தேதி, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பால்மர் காலமானார். வயது 68. மரணத்துக்குக் காரணம் டைபாய்டு காய்ச்சல் என்று பதிவாயிற்று.

இறந்த பின்னும் சண்டை ஓயவில்லை. இரண்டு மாதங்களுக்கு முன் டேவன்போர்ட்டில் நடந்த ஊர்வலத்தில் பி.ஜே.யின் கார் பால்மர் மீது மோதியதாகவும், அதனால்தான் அவர் உடல் தளர்ந்தது என்றும் மகனின் எதிரிகள் குற்றம் சாட்டினார்கள். விசாரணையில் பி.ஜே. மீது வழக்குத் தொடர ஆதாரம் கிடைக்கவில்லை.

சரி எது, தவறு எது?

பால்மரின் கொள்கைகளில் பல பொய்த்துப் போயின. டைபாய்டு கிருமியால் வரும் நோய். முதுகெலும்பு பிசகியதால் வருவது அல்ல. அவர் தடுப்பூசியை எதிர்த்தார். ஆனால் உலகத்தை விட்டே பெரியம்மை ஒழிந்ததாக 1980-ல் அறிவிக்கப்பட்டது. அதை ஒழித்தது தடுப்பூசிதான்.

சில வகை இடுப்பு வலிக்கு, பயிற்சி பெற்றவர் கையால் செய்யும் சிகிச்சை ஓரளவு பலன் தருகிறது என்று பிற்கால ஆராய்ச்சிகள் காட்டின. கழுத்தைத் திடீரென்று திருப்பினால், அபூர்வமாக ரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வரும் ஆபத்தும் உண்டு. ஆகவே எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரிந்திருப்பது உயிருக்கே சம்பந்தப்பட்ட விஷயம்.

லைசென்சின் பயன் இங்கேதான். கைராசி உள்ளவரா என்று அது சொல்லாது. ஆனால் அவர் என்ன படித்தார், எந்தப் பரீட்சையில் தேறினார் என்று சொல்லும். தவறு செய்தால் தட்டிக் கேட்க ஓர் இடம் இருக்கிறது என்றும் சொல்லும்.

மதகடிப்பட்டை அடுத்த கலித்தீர்த்தாள்குப்பத்தில் இன்று மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே எம்.பி.பி.எஸ். தேறியவரும், மருத்துவக் கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்த பிறகே தனியாக வைத்தியம் செய்யலாம். கைரோபிராக்டிக் வைத்தியத்துக்கென்று இந்தியாவில் தனிப் பதிவுச் சட்டம் இல்லை. எனவே முதுகையோ கழுத்தையோ ஒருவரிடம் ஒப்படைக்கும் முன், அவர் படிப்பு என்ன என்று கேட்பது நோயாளியின் பொறுப்பாகிறது. கை கால் மரத்துப் போனாலோ, சிறுநீர் கட்டுக்கு அடங்காமல் போனாலோ, அடிபட்ட பிறகு வலி வந்தாலோ நீவிவிடக் கூடாது. நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அமெரிக்காவில் லைசென்ஸ் சட்டம் ஒவ்வொரு மாகாணமாகப் பரவியது. கடைசியாக லூசியானா மாகாணம் 1974-ல் சட்டம் கொண்டுவந்தது. முதல் சட்டத்துக்கும் கடைசிச் சட்டத்துக்கும் இடையே 61 ஆண்டுகள்! சட்டம் வந்தும் டாக்டர்கள் அவர்களை ஒதுக்கியே வைத்தார்கள். 1976-ல் செஸ்டர் வில்க் என்பவரும் இன்னும் சிலரும் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் மீது வழக்குத் தொடுத்தார்கள். 1987-ல் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புக் கிடைத்தது.

இப்போது அங்கே கைரோபிராக்டிக் தொழிலுக்கு வர நினைப்பவர் முதலில் கல்லூரியில் சில ஆண்டுகள் படிக்க வேண்டும். பிறகு 4,200 மணி நேரத்துக்குக் குறையாத தொழிற்படிப்பு. பிணத்தை அறுத்து உடற்கூறு படிக்க வேண்டும். எக்ஸ்ரே படம் பார்க்கப் பழக வேண்டும். தேசியப் பரீட்சை நான்கு பகுதிகளாக நடக்கிறது. அதில் தேறி, மாகாண சர்க்காரிடம் லைசென்ஸ் வாங்கிய பிறகே பலகை மாட்டலாம். புதிதாக வருபவர்களில் பலர், முதலில் அனுபவசாலி ஒருவரிடம் சம்பளத்துக்கு வேலை பார்த்துவிட்டுத்தான் தனியாகத் தொழில் தொடங்குகிறார்கள்.

பால்மர் தொடங்கிய பள்ளிக்கூடம் இன்று பெரிய கல்லூரியாக டேவன்போர்ட்டில் நடந்து வருகிறது. அவர் ஜெயிலில் இருந்த அதே ஊரில், அவரிடம் இல்லாத லைசென்சுக்காக மாணவர்கள் ஆண்டுதோறும் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.